காவலுக்கு ஓடிவருபவனே இரை

2020 டிசம்பரில் கேகாலைக்கு அருகே ஹெட்டிமுல்லையில் ஒரு போத்தல் பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது பலருக்கும் நினைவிருக்கும். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அந்தப் பாணி கொரோனாவைத் தடுத்துவிடும் என்று நாடாளுமன்றம் வரை பேச்சு. பாணியின் மவுசு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை மட்டும் அடங்கவில்லை. எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது, அது குறைகிற இடத்தில்தான் நோய் நுழைகிறது என்பதுதான் அந்த நம்பிக்கை. கண்டி நகரத்து பாமசிகளில் அதை நம்பியே விற்கிற சிரப்புகளும் குளிசைகளும் கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் நிற்கின்றன.

எச்.ஐ.வி. விஷயத்தில் இந்த நம்பிக்கை தலைகீழாகிறது. இந்த வைரஸ் எதிர்ப்புச் சக்தியை அழிக்கிறது என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அழிப்பு வருடக்கணக்கில் நடப்பது, கதையின் பின்பாதி. முன்பாதி உடலுறவின்போது, வைரஸ் முதன்முதலாகச் சீதமென்சவ்வைத் தொடும் நேரத்தில் தொடங்கிச் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் பலமுறை வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுவது சோர்ந்துபோன எதிர்ப்பு அல்ல, கொதித்தெழுந்த எதிர்ப்பு. ஆய்வுகூடத்து நுணுக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கலஹாவிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு பெண் தன் வெள்ளைப்படுதலை யாரிடமும் சொல்லாமல் மறைப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். சிகிச்சை பெறாத தொற்றுள்ள ஆணோடு ஒரு பெண் ஆணுறையின்றி ஒருமுறை உறவுகொண்டால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 8 அளவில் இருக்கிறது. பெண்ணிடமிருந்து ஆணுக்கு 4. குதவழி உறவில் ஏற்கும் பக்கத்தில் இருப்பவருக்கு 138. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிடப்பட்ட சராசரிகள் இவை. சராசரியை நம்பித் துணிகிறவர் தன்னை ஏமாற்றிக்கொள்கிறார். ஒரே உறவில் தொற்றியவர்களும் இருக்கிறார்கள், வருடக்கணக்கில் கூடி வாழ்ந்தும் தொற்றாத தம்பதிகளும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு எதிரில் இருப்பவரின் இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னொரு பங்கு வைரஸ் வந்து விழும் இடம் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்த இடம் சாதாரணமானதல்ல. யோனியின் உட்சுவர் பல அடுக்குக் கலங்களால் ஆனது. அதன்மேல் சளிப்படலம். அந்தச் சளியில் வாழும் லாக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அந்த அமிலத்தில் வைரஸ் செயலிழக்கிறது. டிஃபென்சின், லாக்டோஃபெரின் போன்ற புரதங்களும் அங்கேயே ஊறிக் கிடக்கின்றன. இவை எதுவும் எச்.ஐ.வி.யை முன்பின் பார்த்தவை அல்ல. எந்தக் கிருமி வந்தாலும் எதிர்கொள்ளும் இந்த ஏற்பாடு நாம் பிறக்கும்போதே உடன் வருவது. தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பு வாரங்கள் எடுக்கும். இது நிமிடங்களில் வேலை செய்கிறது. குதத்தின் உட்சுவர் அப்படியல்ல. ஒற்றை அடுக்கு, அதன் அடியிலேயே எச்.ஐ.வி. தேடும் சி.டி.4 என்ற எதிர்ப்புக் கலங்கள் நெருக்கமாக இருக்கின்றன. எட்டுக்கும் நூற்று முப்பத்தெட்டுக்கும் இடையிலான தூரத்தில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது.

இந்தக் காவல் எவ்வளவு கெட்டியானது என்பதை 2008-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு காட்டியது. தொற்றிய சில வாரங்களே ஆனவர்களின் இரத்தத்தில் இருந்த வைரஸ்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். ஆண் பெண் உறவால் தொற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு, உடம்பு முழுக்க நிறைந்திருந்த கோடிக்கணக்கான வைரஸ்களும் ஒரே ஒரு வைரஸின் வாரிசுகள். எத்தனையோ வந்து மோதியும் ஒன்றுதான் உள்ளே போய்க் குடியேற முடிந்தது. பாலியல் நோயோ அழற்சியோ இருந்தவர்களிடம் அந்த எண்ணிக்கை இரண்டு, மூன்று என்று கூடுவது அதிகம்.

உள்ளே இறங்கினால் படம் சிக்கலாகிறது. மேற்சவ்வில் லாங்கர்ஹான்ஸ் கலங்கள் என்ற காவல் கலங்கள் இருக்கின்றன. அவற்றின் மேலுள்ள லாங்கரின் என்ற புரதம் எச்.ஐ.வி.யைப் பிடித்து உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது என்று 2007-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2000-இல் இன்னொன்றையும் கண்டிருந்தார்கள். சற்று ஆழத்தில் இருக்கும் டென்ட்ரிட்டிக் கலங்கள் வேறொரு புரதத்தால் வைரஸைப் பிடிக்கின்றன. பிடித்து, சிதைக்காமல், சி.டி.4 கலங்கள் இருக்கும் இடத்துக்கே தூக்கிச் சென்று கொடுக்கின்றன. கிருமியைப் பிடித்துப் போய்க் காட்டுவது அவற்றின் இயல்பான வேலை. எச்.ஐ.வி. அந்த வேலையைத் தன் பயணச்சீட்டாக்கிக்கொள்கிறது. அழற்சி ஏற்பட்டால் லாங்கர்ஹான்ஸ் கலங்களும் சிதைக்கும் திறனை இழந்து, வைரஸைக் கைமாற்றும் பக்கத்துக்குச் சாய்ந்துவிடுகின்றன.

கலத்துக்குள்ளேயும் சில காவல் புரதங்கள் உண்டு. 2002-இல் அபோபெக்3ஜி, 2004-இல் ட்ரிம்5-ஆல்ஃபா, 2008-இல் டெதரின் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றில் ட்ரிம்5-ஆல்ஃபாவின் கதையைக் கண்டிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசிக்கலாம். உடவத்தகெலே காட்டிலும் பேராதனைப் பூங்காவிலும் நம் கையிலிருக்கும் பையைப் பறிக்கப் பார்க்கும் ரிலவுக் குரங்கின் நெருங்கிய உறவு, இந்தியாவின் ரீசஸ் குரங்கு. அந்த ரீசஸின் கலத்துக்குள் எச்.ஐ.வி. நுழைந்தால், ட்ரிம்5-ஆல்ஃபா வைரஸின் கூட்டை அடையாளம் கண்டு குலைத்துவிடுகிறது. மனிதனிடமும் அதே புரதம் இருக்கிறது. இந்த வைரஸ்தான் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. மனிதப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் பிடிக்கும் திறன் கூடுகிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டார்கள். குரங்குக்கும் நமக்கும் நடுவில் இந்தக் கொள்ளைநோய் விஷயத்தில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

ரீசஸில் எச்.ஐ.வி. பற்றாது என்பதால் ஆய்வாளர்கள் அதன் குரங்கு உறவான எஸ்.ஐ.வி.யைப் பயன்படுத்துகிறார்கள். 2023-இல் இலங்கையிலிருந்து ஒரு லட்சம் ரிலவுகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது, மிருகக்காட்சிசாலைக்கா ஆய்வுகூடத்துக்கா என்று நாம் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் நல்லதே. ஆனால் வேறெங்கோ கூண்டில் செத்த குரங்குகள் கொடுத்துவிட்டுப் போன அறிவை எட்டியும் பார்க்காமல் இருப்பது அந்தக் கரிசனைக்கு அழகல்ல.

அப்படிக் கிடைத்த அறிவில் முக்கியமானது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி ஹாஸி நடத்திய ஆய்வு. 2009-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பெண் குரங்குகளின் யோனியில் எஸ்.ஐ.வி.யை இட்டு, அடுத்தடுத்த நாட்களில் திசுக்களை எடுத்துப் பார்த்தார்கள். கருப்பைக் கழுத்தில் முதலில் தொற்றியவை மிகச் சில கலங்கள். அப்படியே விட்டிருந்தால் அந்தச் சிறு தொற்று பட்டினியால் அணைந்திருக்கக்கூடும். ஆனால் சவ்வின் கலங்கள் ஆபத்தை உணர்ந்து இரசாயனச் சமிக்ஞை அனுப்பின. அதைக் கேட்டு இன்டர்ஃபெரோன் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் கலங்கள் வந்தன. அவை தம் பங்குக்கு இன்னும் பல சமிக்ஞைகளை அனுப்ப, சி.டி.4 கலங்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. திருடன் வந்துவிட்டான் என்று விசில் ஊதினால் காவலர்கள் ஓடிவருவார்கள். இங்கே திருடன் தேடி வந்ததே அந்தக் காவலர்களைத்தான். ஒரு சில கலங்களோடு அணைந்திருக்க வேண்டிய தொற்று, ஓடிவந்தவர்களைத் தின்று கொழுத்து உடம்பெங்கும் பரவியது.

அந்தச் சமிக்ஞையை அடக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க, கிளிசரோல் மோனோலோரேட் என்ற பொருளைக் கூழாக்கிப் பூசினார்கள். உணவுப் பண்டங்களிலும் அழகுசாதனங்களிலும் சேர்க்கப்படும் மலிவான பொருள். பூசப்பட்ட ஐந்து குரங்குகளுக்கும் திரும்பத் திரும்ப வைரஸைக் கொடுத்தும் ஆரம்பத் தொற்று தலைகாட்டவில்லை. பூசப்படாத ஐந்தில் நான்குக்குத் தொற்றியது. வைரஸை நேரே கொல்லப் போகாமல் ஊரைக் கூட்டும் விசிலை அமைதிப்படுத்தியதிலேயே கிடைத்த பலன் இது. இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பொருளின் மூலமான லோரிக் அமிலம் தேங்காயெண்ணெயில் நிறைய உண்டு. அதைக் கேட்டதும் எண்ணெய்ப் போத்தலைத் தேடுபவர்கள் நம்மிடையே இருப்பார்கள். தேங்காயெண்ணெய் எச்.ஐ.வி.யைத் தடுக்காது. அதைவிட மோசம், எந்த எண்ணெய் பட்டாலும் இறப்பர் ஆணுறை நைந்து கிழிந்துவிடும். வழுவழுப்பு வேண்டுமானால் நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி.

குரங்கு சொன்னதை மனிதர்களிடமும் பார்த்தார்கள். நைரோபியின் பும்வானி பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களை 1980-களிலிருந்து கென்ய, கனேடிய ஆய்வாளர்கள் கூட இருந்து கவனித்து வந்தார்கள். அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு எத்தனையோ முறை வைரஸ் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நிலையிலும் தொற்றவில்லை. அவர்கள் உடம்பில் எதிர்ப்பு மற்றவர்களைவிடச் சூடாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்போம். அடங்கிக் கிடந்தது. அவர்களின் டி கலங்கள் (சி.டி.4 கலங்கள் இவற்றில் ஒரு வகை) வழக்கத்தைவிட ஓய்வில் இருந்தன. ஓய்வில் இருக்கும் கலத்துக்குள் எச்.ஐ.வி.யால் எளிதில் பெருக முடியாது. இந்தத் தடத்தில் போய், குறைந்த அளவு அஸ்பிரின் கொடுத்தால் பிறப்புறுப்புத் திசுவில் வைரஸுக்கு இலக்காகும் கலங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன என்று கென்யாவில் ஒரு சிறு ஆய்வு 2018-இல் கண்டது. அஸ்பிரின் தொற்றைத் தடுத்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொண்டு குளிசை விழுங்க வேண்டாம்.

எதிர்ப்பைத் தூண்டினால் போதும் என்ற கணக்கு பெரிய நிறுவனங்களுக்கும் பொய்த்திருக்கிறது. 2007-இல் நிறுத்தப்பட்ட மெர்க் நிறுவனத்தின் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில், ஊசி போட்டவர்களில் ஒரு பிரிவு ஆண்களிடம் தொற்று குறைவதற்குப் பதிலாகக் கூடியது. காரணம் குறித்து இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் எதிர்ப்பைக் கிளப்புவது எப்போதும் புண்ணியம் என்று அதற்குப் பிறகு அந்தத் துறையில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவதில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது ஆறிய புண்ணின் கதை. பிறப்புறுப்பில் ஹேர்பிஸ் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல். அப்படியானால் அசிக்ளோவிர் கொடுத்து ஹேர்பிஸை அடக்கினால் எச்.ஐ.வி. குறைய வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குறையவில்லை. விடை 2009-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கிடைத்தது. புண் ஆறி, மேல்தோல் வழுவழுப்பாக மூடிய இடத்தில் சிறு துண்டு தசை எடுத்துப் பார்த்தார்கள். சி.டி.4 கலங்கள் அங்கேயே கூடியிருந்தன. ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, ஐந்து மாதம் வரை. வெளியே தழும்புகூட இல்லை. உள்ளே வைரஸுக்கு இலக்கான கூட்டம் கலையாமல் நிற்கிறது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆறிவிட்டதே, பிறகென்ன என்று நாம் சொல்கிற சமாதானம் எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பாலியல் நோய்களுக்குச் சிகிச்சை கொடுத்தால் எச்.ஐ.வி. குறையுமா என்ற கேள்விக்கு ஆபிரிக்காவிலிருந்து இரண்டு விடைகள் வந்தன. தான்சானியாவின் ம்வான்ஸாவில் கிராமத்துச் சுகாதார நிலையங்களைத் திருத்தி, அறிகுறியோடு வருபவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தபோது புதிய தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. 1995-இல் 'லான்செட்' வெளியிட்டது. உகண்டாவின் ராகாயில் எல்லோருக்கும் பத்து மாதங்களுக்கு ஒருமுறை மருந்து கொடுத்தபோது குறையவில்லை. இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறப்பவர்கள் உண்டு. ராகாயில் எச்.ஐ.வி. அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. ம்வான்ஸாவில் இன்னும் பரவும் கட்டத்தில் இருந்தது. தொற்று குறைவாக இருக்கும் இடத்தில், அறிகுறி தோன்றிய உடனே, தொடர்ச்சியாகக் கொடுக்கும் சிகிச்சைதான் பலிக்கிறது. இலங்கையில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் கீழ். நாம் நிற்பது ம்வான்ஸாவின் பக்கம்.

எனவே கண்டிக்கு வருவோம். கண்டி மாவட்டத்தில் ஹந்தானை, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை என்று மலைமலையாகத் தோட்டங்கள். அங்கேயும் நகரத்து வீடுகளிலும் வெள்ளைப்படுதலையும் சிறுநீர் எரிச்சலையும் சொல்லும் சொல் ஒன்றே: சூடு. சூட்டுக்கு இளநீர், சூட்டுக்கு வெந்தயம், சூட்டுக்குத் தலையில் எண்ணெய். தாய் மகளிடம் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாள். அடங்காவிட்டால் பாமசிக்குப் போய், முன்னால் யாரும் நிற்காத நேரம் பார்த்து, "மிஸ், சூட்டுக்கு ஏதாவது" என்று மெதுவாகக் கேட்டு நாலு குளிசை வாங்கி வருகிறாள். நாற்றம் குறைந்தால் நோய் போயிற்று. கிளமிடியா, கொனோரியா போன்ற நோய்கள் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டுவதில்லை. காட்டும்போதும் இப்படிப் பாதியில் அடக்கப்படுகின்றன. அழற்சி உள்ளே தொடர்கிறது. அந்த அழற்சி என்ன செய்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

தென்னாபிரிக்காவில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2010-இல் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல், பெண்களுக்குத் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. ஏன் 39 மட்டும் என்று பின்னர் ஆராய்ந்தார்கள். ஒழுங்காகப் பயன்படுத்தாதது ஒரு காரணம். மற்றக் காரணங்கள் யோனிக்குள்ளேயே இருந்தன. ஏற்கனவே அழற்சி இருந்த பெண்களை ஜெல் காப்பாற்றவில்லை. லாக்டோபசிலஸ் குறைந்து கார்ட்னெரெல்லா போன்ற பக்டீரியாக்கள் பெருகிய இடத்தில் அந்த பக்டீரியாக்கள் மருந்தையே தின்றுவிட்டன. 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், டர்பனுக்கு அருகே உம்லாசியில் பலவகை பக்டீரியாக்கள் கலந்து பெருகிய இளம் பெண்களுக்கு, ஒருவகை லாக்டோபசிலஸ் மிகுந்த பெண்களைவிட நான்கு மடங்கு அதிகமாக எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அந்த நல்ல பக்டீரியாவை நாம் எப்படி நடத்துகிறோம்? உட்புறத்தைச் சவர்க்காரம் போட்டு, டெட்டோல் ஊற்றிக் கழுவுவதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். 'அந்தரங்கச் சுத்தம்' என்று வாசனைத் திரவங்கள் விற்கிறார்கள், பத்திரிகையில் விளம்பரம் போடுகிறார்கள். யோனியின் உட்புறத்துக்கு எந்தக் கழுவலும் தேவையில்லை.

டெப்போ கருத்தடை ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். தோட்டங்களில் பலர் போட்டுக்கொள்கிறார்கள். அது சவ்வை மெலிதாக்கி எச்.ஐ.வி.க்கு வழிவிடுகிறது என்ற அச்சம் பல வருடம் இருந்தது. ஆபிரிக்காவின் நான்கு நாடுகளில் 7,829 பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான சோதனை, மற்ற முறைகளோடு ஒப்பிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று சொன்னது. எனவே அதற்காக யாரும் ஊசியை நிறுத்த வேண்டாம். ஆனால் எந்தக் கருத்தடை ஊசியும் பாலியல் நோயைத் தடுக்காது.

பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது பாதி உண்மை. இலங்கையில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 2022-இல் ஒரே வருடத்தில் 600-க்கு மேற்பட்ட புதிய தொற்றுகள் பதிவாகின. அவர்களில் கணிசமானோர் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள். குதத்தில் ஏற்படும் கொனோரியாவும் கிளமிடியாவும் பெரும்பாலும் வலியின்றி, ஒழுக்கின்றி இருக்கும். ஒற்றை அடுக்குச் சவ்வின் கீழ் அழற்சியைக் கொதிக்க வைத்தபடி. அவர்களைச் சோதனைக்கு அழைத்து வர வேண்டிய நாடு, 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை இன்னும் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறது. 2023 மேயில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைத் திருத்துவது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று தீர்மானித்தது. நாடாளுமன்றம் அதற்குப் பிறகும் அசையவில்லை. குற்றவாளி என்று எழுதி வைத்துவிட்டு, வந்து குதத்தில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதித்துப் போ என்று அழைத்தால் யார் வருவார்?

ஊரின் பேச்சும் சட்டத்துக்குச் சளைத்ததல்ல. 2016-இல் வடமேல் மாகாணத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி பரவி, எந்தப் பாடசாலையும் சேர்க்கவிடாமல் பெற்றோர்கள் தடுத்தார்கள். சிறுவனுக்குத் தொற்று இல்லை. இருந்தாலும் வகுப்பறையில் பக்கத்தில் உட்காருவதால் யாருக்கும் பரவாது. அப்போது கதவைத் திறந்தது கண்டி திரித்துவக் கல்லூரி. அந்த விஷயத்தில் இந்த ஊர் நாட்டுக்கே முன்மாதிரியாக நின்றது. அந்தத் துணிச்சலைப் பாலியல் நோய் கிளினிக்கின் வாசல்வரை கொண்டுபோவதுதான் பாக்கி.

கிளினிக்கில் இருப்பவை பலருக்குத் தெரியாது. கடிதம் தேவையில்லை, கட்டணம் இல்லை, இரகசியம் காக்கப்படும். எச்.ஐ.வி. மருந்து 2004 முதல் அரசாங்கச் செலவில் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர் உடலுறவால் யாருக்கும் தொற்றைக் கொடுப்பதில்லை. இந்த அறிவுக்கு அடித்தளமிட்டது 2011-இல் 1,763 தம்பதிகளைக் கொண்டு வெளியான ஒரு ஆய்வு. அதன் தளங்களில் சென்னையும் ஒன்று. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய நிறுவனம் அதில் பங்கெடுத்தது. இலங்கையும் சளைத்ததல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. லயத்துக்கு லயம் நடந்து கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்த குடும்ப நல உத்தியோகத்தர்களின் உழைப்பு அது. கர்ப்பமாக இருக்கும்போது அவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் அதே பெண்ணிடம், கர்ப்பமில்லாத நேரத்தில் வெள்ளைப்படுகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

வைரஸுக்கு ஆட்பட்டோமோ என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். அந்த எல்லை எழுந்தமானமாக வைத்ததல்ல. முதல் தொற்று சவ்வோடு அடங்கியிருக்கும் காலம் அவ்வளவுதான். குரங்குகளில் மூன்றாம் நாளிலேயே வைரஸ் மருந்து எட்டாத மறைவிடங்களில் குடியேறிவிடுகிறது என்று 2014-இல் கண்டார்கள். 72 மணி நேரம் என்று சொன்னாலும் முதல் சில மணி நேரமே மேல். அந்தத் தருணம் தவறித் தொற்றிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு. கண்டியில் அதைக் கண்டால் முதலில் டெங்கு என்பார்கள். டெங்கு இல்லை என்று வந்ததும் ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று பெனடோல் கொடுத்து அனுப்புவார்கள். பிறப்போடு வந்த எதிர்ப்பு தன் முழுப் பலத்தோடு கொந்தளிப்பதால் வரும் காய்ச்சல் அது. அந்த வாரங்களில்தான் இரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கிறது. மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் உச்சத்தில். டெங்கு இல்லாத காய்ச்சலோடு வரும் இளைஞனிடம் ஒரு தனியறையில் நாலு கேள்வி கேட்பதற்கு எந்த உபகரணமும் தேவையில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி 2024-இல் பெரும் நம்பிக்கையைக் கொண்டுவந்தது. ஆபிரிக்காவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை. சவ்வின் நிலை எப்படி இருந்தாலும் காக்கும் மருந்து என்ற வகையில் அது இந்தக் கட்டுரையின் வாதத்தையே பழசாக்கிவிடக்கூடும், ஆகட்டும், சந்தோஷம். ஆனால் அந்த ஊசி தெல்தோட்டைக்கு வந்து சேரும் வரை என்ன செய்வது?

தோட்டத்துப் பெண் ஒருத்தி கண்டிக்கு வந்து கிளினிக்கைப் பார்க்க வேண்டுமானால், காலை பஸ்ஸைப் பிடித்து குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி, மதியம் வரை காத்திருந்து திரும்ப வேண்டும். அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும். கங்காணிக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவள் போய்வந்த இடம் பின்னேரத்துக்குள் லயமெங்கும் தெரிந்துவிடும். கடையில் வேலை செய்யும் இளைஞனுக்கும் இதே கதை, முதலாளி மட்டும் வேறு. கிளினிக்கை வாரத்தில் இரண்டு பின்னேரங்களும் ஒரு ஞாயிறு காலையும் திறந்து வைப்பதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு நிதி வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு தாதி, ஒரு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், அவர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. தோட்ட வைத்தியசாலைகளில் வெள்ளைப்படுதலுக்கு மாதிரி எடுத்துக் கண்டிக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தால், பெரும்பாலோர் பஸ் ஏறவே வேண்டியதில்லை. கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகள் மலையிலிருந்து கீழே வந்து சேரும் வழி ஏற்கனவே இருக்கிறது. அதே பெட்டியில் இன்னும் சில குழாய்களை வைக்க மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.